வெள்ளவத்தைப் பயண முகவரும் பிரசெல்ஸில் கழிந்த ஒன்றரை நாளும்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில் இயங்கும் ஒரு பயண முகவர் நிலையத்தின் சேவையைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அதன் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நான் கண்ட நிறையும் குறையும் அந்த ஒரு நிலையத்துக்கு மட்டும் உரியவையல்ல என்றும், கொழும்பில் இத்தகைய சேவையை நாடும் எவருக்கும், குறிப்பாக என்னைப் போல் அறுபதைக் கடந்து தனியாகப் பயணம் புறப்படும் பெண்களுக்கு, இந்த விவரங்கள் உதவும் என்றும் நம்புகிறேன்.

என்னுடைய பயணம் சற்றுச் சிக்கலானது. அண்ணாவின் மகளுக்கு ஜேர்மனியில் திருமணம். தங்கையின் குடும்பம் இருப்பதோ உகண்டாவின் கம்பாலாவில். ஒரே பயணத்தில் இரண்டையும் முடித்துக்கொள்ள விரும்பினேன். கொலோனிலிருந்து புகையிரதத்தில் பிரசெல்ஸுக்குச் சென்று, அங்கே இரண்டு இரவு தங்கி, மூன்றாம் நாள் முற்பகல் விமானத்தில் கம்பாலாவுக்கு அருகிலுள்ள விமான நிலைய நகரான எண்டெபே செல்வதென்ற வழியை வகுத்துத் தந்தவர் அந்த நிலையத்தின் இளைஞர்தான். வளைகுடா வழியாக ஜேர்மனிக்குப் போய், அதே வளைகுடாவுக்குத் திரும்பி, அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் பறப்பதைவிட இது சுகமானது என்று அவர் சொன்னது முற்றிலும் சரியாக இருந்தது. பெல்ஜியத்துக்கும் மத்திய ஆப்பிரிக்காவுக்கும் இடையிலான பழைய ஆட்சித் தொடர்பின் காரணமாகப் பிரசெல்ஸிலிருந்து கின்ஷாசா, கிகாலி போன்ற நகரங்களுக்கும், அவற்றோடு எண்டெபேக்கும் நேரடி விமானங்கள் உண்டு என்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். அந்த ஆட்சி எத்தகையது என்பதை நான் பின்னர் நேரில் கண்ட பொருள்களிலிருந்து அறிந்துகொண்டேன்.

விசாக் கோவையை அவர்கள் தயாரித்த விதத்தை மனமாரப் பாராட்ட வேண்டும். பிரதானமாகத் தங்கும் நாடு ஜேர்மனி என்பதால், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும், ஆனால் வெளியேறுவது பெல்ஜியத்திலிருந்து என்பதை ஆவணங்களில் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று முதல் நாளே விளக்கினார்கள். பிரசெல்ஸ் விடுதிப் பதிவு, கொலோன் புகையிரதச் சீட்டு, எண்டெபே விமானச்சீட்டு, அங்கிருந்து கட்டுநாயக்க திரும்பும் சீட்டு ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பக்கச் சுருக்கத்தையும் வைத்துத் தந்தார்கள். மருத்துவக் காப்புறுதி ஆகக்குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரிந்த விதிதான். ஆனால் ஷெங்கன் நாடுகளுக்கென எடுக்கும் அந்தக் காப்புறுதி உகண்டாவில் செல்லாது, அந்த நாட்களுக்குத் தனியாக ஒன்று எடுத்தாக வேண்டும் என்பதை அவர்கள் சொல்லியிருக்காவிட்டால் நான் அறிந்திருக்கவே மாட்டேன். நேர்முகத்தில் என்னிடம் கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்விக்கும் உரிய தாள் அந்தக் கோவையில் இருந்தது. விசாக் கட்டணம் நீங்கலாக அவர்கள் அறவிட்ட சேவைக் கட்டணம் 25,000 ரூபாய். இந்த வேலைக்கு அது நியாயமான தொகை.

குறை தொடங்கியது உகண்டாவில். ஷெங்கன் விசா கைக்கு வந்த பின்னரே உகண்டாவின் இணையவழி விசாவைக் கையில் எடுத்தார்கள். 50 அமெரிக்க டொலர் கட்டணம் செலுத்தி எளிதாகப் பெறக்கூடிய விசாதான் அது. ஆனால் விண்ணப்பத்தோடு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழின் படியையும் பதிவேற்ற வேண்டும். நான் கொழும்பிலிருந்து புறப்பட ஒன்பது நாட்களே இருந்தபோதுதான் அந்த இளைஞர் தொலைபேசியில் அழைத்து, "அன்ரி, ஒரு ஊசி போட வேண்டி இருக்கு" என்றார்.

இது சிறிய விடயமன்று. ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பின்னரே அந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும். இடையில் ஜேர்மனியில் எட்டு நாட்கள் இருந்ததால் கணக்கு எப்படியோ சரிவந்தது. நேரடியாக ஆப்பிரிக்காவுக்குச் செல்பவராக இருந்திருந்தால் பயணமே தள்ளிப்போயிருக்கும். மேலும், இது உயிருள்ள நுண்கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் தடுப்பூசி என்பதால், அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு அதைப் போடுமுன் மருத்துவர் தனியாக ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும். எனக்கு வயது 61. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் எடுக்கிறேன். என்னுடைய மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் போய், ஊசி போட்டு, சான்றிதழான மஞ்சள் நிறச் சிறு புத்தகத்தைக் கையில் பெறும்வரை மூன்று நாட்கள் நிம்மதியற்று அலைந்தேன். இந்தப் பயண முகவரிடமோ வேறொருவரிடமோ ஆப்பிரிக்கப் பயணத்துக்குப் பணம் கட்டும் எவரும், விமானச்சீட்டைப் பற்றிப் பேசுமுன் இந்தத் தடுப்பூசியைப் பற்றிக் கேட்க வேண்டும். சான்றிதழ் 2016 முதல் வாழ்நாள் முழுவதற்கும் செல்லும் என்பதால் முன்கூட்டியே போட்டுக்கொள்வதில் இழப்பு எதுவும் இல்லை. உகண்டாவிலிருந்து இலங்கைக்குத் திரும்பும்போது கட்டுநாயக்கவிலும் அதைக் காட்ட வேண்டியிருக்கும். ஆகையால் எண்டெபேயைக் கடந்ததும் அதைப் பெட்டியின் அடியில் போட்டுவிடக் கூடாது.

பிரசெல்ஸ் நாட்களுக்கென அவர்கள் ஒரு சுற்றுலாத் தொகுப்பையும் விற்றிருந்தார்கள். வியாழன் பிற்பகல் பழைய நகரில் சொக்லேற் சுவைத்தபடி நடைச் சுற்றுலா, வெள்ளி முழுவதும் பேருந்தில், பெரிய உருண்டைகளால் ஆன அற்றோமியம் என்னும் கட்டடம் முதலிய இடங்கள். இரண்டுக்கும் முன்கூட்டியே பணம் செலுத்திய சீட்டுகள் தரப்பட்டன. தொகுப்பில் எழுதப்பட்டிருந்த எதுவும் பொய்யில்லை. வழிகாட்டி நேரத்துக்கு வந்தார், ஆங்கிலம் தெளிவாகப் பேசினார். கிராண்ட் பிளாஸ் சதுக்கத்தின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தபோது, 1695 இல் பிரெஞ்சுப் படையின் பீரங்கிகள் இந்த இடத்தைத் தரைமட்டமாக்கின என்பதையும், வணிகக் குழுக்கள் சில ஆண்டுகளுக்குள்ளேயே தங்கள் மாளிகைகளை முன்னிலும் சிறப்பாக எழுப்பிக்கொண்டன என்பதையும் நம்புவது கடினமாக இருந்தது. நகர மண்டபத்தின் 96 மீற்றர் உயரக் கோபுரம் மட்டும் அந்தத் தாக்குதலையும் தாண்டி நின்றதாம். யாழ்ப்பாணப் பொது நூலகத்தை 1981 இல் எரிந்த நிலையிலும் பின்னர் வெள்ளைக் கட்டடமாக எழுந்த நிலையிலும் கண்டவள் என்பதால், அந்தச் சதுக்கத்தில் நான் மற்றவர்களைவிடச் சற்று அதிக நேரம் நின்றிருக்கக் கூடும். ஆனால் குழுவோ அடுத்த சொக்லேற் கடைக்கு நகர்ந்துவிட்டது. தனியாக வருபவருக்கு இத்தகைய குழுச் சுற்றுலா பாதுகாப்பைத் தருகிறது என்பது உண்மை. நிற்க விரும்பும் இடத்தில் நிற்கும் உரிமையை எடுத்துவிடுகிறது என்பதும் உண்மையே.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். நடைச் சுற்றுலாவின் முடிவில் பெல்ஜியத்தின் புகழ்பெற்ற உருளைக்கிழங்குப் பொரியல் வழங்கப்படும் என்று தொகுப்பில் இருந்தது. அந்த நாட்டு மரபில் உருளைக்கிழங்கை இரண்டு முறை பொரிப்பார்கள்; பல கடைகளில் அதற்கு மாட்டுக் கொழுப்பையே பயன்படுத்துகிறார்கள். கடையில் நான் கேட்ட பின்னரே இது தெரிய வந்தது. தங்களிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் மாட்டிறைச்சி தொடாத சைவக் குடும்பத்தினர் என்பதை அறிந்த வெள்ளவத்தை நிலையம் இதனை ஒரு வரியிலாவது எழுதியிருக்க வேண்டும். தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் அங்கே இருக்கின்றன. கேட்டு வாங்கினால் போதும். மா அப்பம் போன்ற அவர்களது வாஃபிள் பற்றி எனக்கு எந்தக் கவலையும் இருக்கவில்லை. லியேஜ் வகை, உள்ளே சீனிக் கட்டிகள் உருகிப் படிந்தது, மிக நன்றாக இருந்தது.

அன்று மாலை குழு கலைந்ததும், நிலக்கீழ் புகையிரதத்தில் போர்ட் த நமூர் நிலையம் சென்று மத்தோங்கே பகுதிக்கு நடந்தேன். தங்கைதான் தொலைபேசியில் இதைச் சொல்லியிருந்தாள். தொகுப்பில் அந்தப் பெயரே இல்லை. கின்ஷாசா நகரின் ஒரு பகுதியின் பெயரைத் தாங்கிய இந்தச் சில தெருக்களில் கொங்கோ மக்களின் முடி அலங்காரக் கடைகள், துணிக்கடைகள், மரவள்ளியும் வாழைக்காயும் கருவாடும் அடுக்கிய மளிகைக் கடைகள் நெருக்கமாக இருந்தன. ஆவணி மாதத்தில் அங்கே இரவு எட்டு மணி வரையும் வெளிச்சம் இருப்பதால் தனியாக நடப்பதில் எனக்கு அச்சம் ஏற்படவில்லை. கைப்பையை மட்டும் முன்பக்கமாக மாட்டிக்கொண்டேன். ஒரு சிறிய உணவகத்தில் பொரித்த மீனும் வாழைப்பழப் பொரியலும் போண்டு எனப்படும் மரவள்ளி இலைக் கறியும் சாப்பிட்டேன். மரவள்ளி இலையை இடித்துச் செம்பனை எண்ணெயில் வேகவைத்த அந்தக் கறியின் முதல் வாயிலேயே எங்கள் ஊர் இலைச் சுண்டலின் நினைவு வந்தது. போகும் கண்டத்தின் சாப்பாட்டை அதன் வாசலிலேயே சுவைத்ததுபோல் இருந்தது.

மத்தோங்கேயின் முகப்பில் பத்திரிஸ் லுமும்பாவின் பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது. கொங்கோ சுதந்திரம் பெற்றது 1960 ஜூன் 30 இல். அதன் முதல் பிரதமரான லுமும்பா 1961 ஜனவரியில் கொல்லப்பட்டார். அவரது உடலில் எஞ்சிய ஒரே பகுதியான ஒரு பல்லைப் பெல்ஜியம் அவரது குடும்பத்தினரிடம் ஒப்படைத்தது 2022 இல்தான். சதுக்கத்துக்கு அவருடைய பெயர் 2018 ஜூன் 30 இல் சூட்டப்பட்டது. பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு விடுதிக்குத் திரும்பும் வழியில், மறுநாள் பேருந்துச் சுற்றுலாவுக்குப் போவதில்லை என்று தீர்மானித்தேன். ஏற்கெனவே கட்டிய பணம் வீணாகும் என்ற வருத்தம் இருந்தது. அந்தச் சீட்டு திருப்பிக் கொடுக்க முடியாதது.

வெள்ளி காலை மொன்கொமெரி நிலையத்தில் 44 ஆம் இலக்கத் திராம் வண்டியில் ஏறினேன். தனிச் சீட்டு வாங்கத் தேவையில்லை, வங்கி அட்டையை வண்டிக்குள் உள்ள கருவியில் தொட்டால் போதும். மரங்களுக்கு நடுவே செல்லும் அந்தப் பாதை என்னுடைய முழுப் பயணத்திலும் மிக அழகானது. கடைசித் தரிப்பிடம் தெர்வூரன். அங்கிருந்து சில நிமிட நடையில் மத்திய ஆப்பிரிக்காவுக்கான அரச அருங்காட்சியகம் வந்துவிடுகிறது. திங்கட்கிழமைகளில் அது மூடியிருக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆப்பிரிக்காவுக்குப் பறக்குமுன் பிரசெல்ஸில் ஒரு நாள் இருக்கக் கிடைப்பவர் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்பதே என்னுடைய உறுதியான கருத்து. அந்த ஒரு நாளை அற்றோமியத்துக்குக் கொடுப்பது பிழை. 1885 முதல் 1908 வரை கொங்கோ பெல்ஜிய நாட்டுக்குக்கூட உரியதாக இருக்கவில்லை, மன்னர் இரண்டாம் லெயோபோல்டின் தனிச் சொத்தாக இருந்தது. இறப்பர்ப் பாலும் யானைத் தந்தமும் கட்டாய உழைப்பால் சேகரிக்கப்பட்டன. விதித்த அளவைக் கொண்டுவராத கிராமங்கள் கொடூரமாகத் தண்டிக்கப்பட்டன. 1897 இல் இதே தெர்வூரனில் நடந்த கண்காட்சிக்கு 267 கொங்கோ மக்களைக் கொண்டுவந்து, குளக்கரையில் குடில்கள் அமைத்து, பார்வையாளர்களுக்குக் காட்டினார்கள். அவர்களில் ஏழு பேர் அந்தக் கோடையிலேயே இறந்தார்கள். அவர்களின் கல்லறைகள் அருகிலுள்ள தேவாலயத்தின் ஓரத்தில் இருக்கின்றன. நான் அங்கேயும் போனேன். அந்தக் கண்காட்சியிலிருந்து வளர்ந்ததே இந்த அருங்காட்சியகம். இன்றைய மாளிகை 1910 இல் திறக்கப்பட்டது.

ஐந்து ஆண்டுகள் மூடித் திருத்திய பின் 2018 டிசம்பரில் மீண்டும் திறந்திருக்கிறார்கள். நுழைவாயில் இப்போது கண்ணாடிக் கட்டடமொன்றில் இருக்கிறது. அங்கிருந்து நிலத்தடி வழியாகப் பழைய மாளிகைக்குச் செல்லும் நீண்ட பாதையில், ஒரே மரத்தைக் குடைந்து செய்த 22 மீற்றருக்கும் மேற்பட்ட நீளமுள்ள தோணி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் ஓரமாக நடந்து முடிக்க எனக்கு நேரம் எடுத்தது. மேலே வட்ட மண்டபத்தில், பெல்ஜியம் கொங்கோவுக்கு நாகரிகம் கொண்டுவந்ததாகப் பெருமை பேசும் பழைய பொன்னிறச் சிலைகள் இன்னும் இருக்கின்றன. கட்டடம் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் அவற்றை அகற்ற முடியாதாம். அதற்குப் பதிலாக, கொங்கோக் கலைஞர் எமே ம்பானே மரத்தில் செதுக்கிய ஒரு பெரிய மனிதத் தலையை மண்டபத்தின் நடுவே நிறுத்தியிருக்கிறார்கள். இன்னொரு கூடத்தில், கொங்கோவில் இறந்த 1,508 பெல்ஜியர்களின் பெயர்கள் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எதிர்ப்புறச் சன்னல்களில் கலைஞர் ஃபிரெடி ட்சிம்பா, பெல்ஜியத்தில் உயிரிழந்த கொங்கோ மக்களின் பெயர்களை எழுதியிருக்கிறார். அன்று நல்ல வெயில். சன்னலில் இருந்த பெயர்களின் நிழல் மெல்ல நகர்ந்து அந்தச் சுவரின் பெயர்கள்மீது விழுந்தது. பிள்ளைகளைக் கூட்டிவந்த ஓர் ஆசிரியை ஒன்றும் பேசாமல் அவர்களை அங்கே சிறிது நேரம் நிற்கவிட்டார்.

இறப்பர் பற்றிய பகுதியில் நான் அதிக நேரம் இருந்தேன். என் அப்பா களுத்துறை மாவட்டத்தில் ஓர் இறப்பர்த் தோட்டத்தில் எழுதுவினைஞராக வேலை பார்த்தவர். விடியற்காலையில் பால் வெட்டும் பெண்கள் சிரட்டைகளைக் கவிழ்த்துத் துடைத்துவிட்டு வேலை தொடங்குவதும், வாளிகளோடு நிறுவை மேடையில் வரிசையில் நிற்பதும், ஒருநாள் அளவு குறைந்தாலும் அரைநாள் வேலையாகவே பேரில் பதியப்படுவதும் என் சிறுவயதின் காட்சிகள். 1876 இல் லண்டனின் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் கம்பஹாவின் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. இலங்கையிலும் மலாயாவிலும் அவற்றின் வழிவந்த தோட்டங்கள் பெருகியபோதுதான் கொங்கோவின் காட்டு இறப்பருக்கு இருந்த தேவை குறைந்தது. இவ்விரண்டு கதைகளும் ஒன்றையொன்று தொடுபவை என்பது எனக்கு அந்த நாள்வரை தோன்றியதில்லை. கண்டி மன்னரின் சிம்மாசனம் பிரித்தானியாவிலிருந்து 1934 இல் திரும்பி வந்ததையும், கண்டிப் பிரதானி லெவ்கே திசாவையின் பீரங்கி நெதர்லாந்திலிருந்து 2023 இல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்ததையும் அறிந்த ஓர் இலங்கையர் தெர்வூரனின் காட்சிப் பெட்டிகளுக்கு முன் வெறும் சுற்றுலாப் பயணியாக நிற்க முடியாது.

குறை சொல்வதானால், விளக்கப் பலகைகள் ஆங்கிலத்திலும் இருந்தாலும் எழுத்து மிகச் சிறிது; என் வயதினர் கண்ணாடியை மறக்கக் கூடாது. பாடம் செய்த யானையும் ஒட்டகச்சிவிங்கியும் நிற்கும் கூடத்தில் பிள்ளைகளின் கூட்டம் அதிகம். முழுவதையும் பார்க்க நான்கு மணித்தியாலம் வேண்டும். எனக்கு அதுவும் போதவில்லை.

மாலையில் நகருக்குத் திரும்பியபோது தவறவிட்ட அற்றோமியத்தைத் தூரத்திலாவது பார்க்கலாமா என்று எண்ணி, போகவில்லை. 1958 உலகக் கண்காட்சிக்காக எழுப்பிய, 102 மீற்றர் உயரமும் ஒன்பது உருண்டைகளும் கொண்ட வியக்கத்தக்க கட்டடம் அது என்பதை அறிவேன். அதே கண்காட்சியிலும் கொங்கோக் குடில்கள் அமைத்து மக்களைக் காட்சிக்கு வைத்தார்கள் என்பதையும், பார்வையாளர்களின் நடத்தையைப் பொறுக்காமல் அவர்கள் இடையிலேயே வெளியேறினார்கள் என்பதையும் தெர்வூரனில் இருந்து திரும்பிய பின்பு மறந்துவிட்டு அங்கே நிழற்படம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

விமான நிலையத்துக்குச் செல்ல மத்திய நிலையத்திலிருந்து புகையிரதம் உண்டு, ஏறத்தாழ இருபது நிமிடங்களே ஆகும். சீட்டு விலையோடு விமான நிலையத்துக்கென்று ஒரு மேலதிகக் கட்டணமும் சேர்க்கப்படுகிறது என்பதை முகவர் நிலையம் முன்பே சொல்லியிருந்தது. அதனால் குழப்பம் இருக்கவில்லை. ஷெங்கன் பகுதியிலிருந்து வெளியேறும் எல்லைச் சோதனையை அங்கே முடிக்க வேண்டும் என்பதால் மூன்று மணித்தியாலம் முன்னதாக வரச் சொன்ன அவர்களின் அறிவுரையும் பொருத்தமானதே. எண்டெபேயில் இறங்கியதும் சுகாதார அதிகாரி முதலில் கேட்டது கடவுச்சீட்டையல்ல, அந்த மஞ்சள் புத்தகத்தைத்தான். வெளியே தங்கை நின்றாள். கம்பாலாவுக்குச் செல்லும் நாற்பது கிலோமீற்றர் வழியெல்லாம் நான் தெர்வூரனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததாக அவள் இன்றும் சொல்கிறாள்.

கொழும்பு திரும்பிய பின் அந்த நிலையத்துக்குச் சென்று இவற்றையெல்லாம் நேரிலேயே சொன்னேன். அந்த இளைஞர் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. தடுப்பூசி விடயத்தில் பிழை தங்களுடையது என்று ஒப்புக்கொண்டு, ஆப்பிரிக்கா செல்வோருக்கான முதல் பக்கப் பட்டியலில் அதை மேலே சேர்த்திருப்பதைக் காட்டினார். பயன்படுத்தாத பேருந்துச் சீட்டின் பணத்தைத் தர முடியாது என்றார். அதனை நானும் எதிர்பார்க்கவில்லை. விசாக் கோவைக்காக இவர்களிடம் மீண்டும் போவேன், என் நண்பர்களையும் அனுப்புவேன். பிரசெல்ஸ் சுற்றுலாத் தொகுப்பை மட்டும் வாங்க வேண்டாம் என்று அவர்களிடம் சொல்வேன். 44 ஆம் இலக்கத் திராமின் வழியையும் அருங்காட்சியகம் மூடும் நாளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்த இளைஞர் அதைப் படியெடுத்துக்கொண்டு, அடுத்த மாதம் நைரோபிக்குப் போகும் ஒரு தம்பதியின் கோவைக்குள் வைத்தார்.